டயர்ல இருக்குற நூறு ரூபா

ரெண்டு மூணு மாசமா ஆணி அதிகம். ஏலக்கா சீசன்ல கணக்கு எழுதுறவன் பொழப்பு எப்படி இருக்கும்னு போடிக்காரங்களக் கேட்டாத் தெரியும். (மத்தவங்களுக்கு: நான் வேலை பாக்குறது ஒரு ஏலக்கா யாவாரி கடையில. சட்டைய எத்தன தடவ துவைச்சாலும் வாசம் போகாது.) அதனாலதான் இந்தப் பக்கம் வரல. இப்ப உக்காந்து எழுதுறதுக்குக் காரணம் என் அக்கா மகன்.

மார்கழி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளன அக்கா போன். எடுத்த உடனே, "டேய் தம்பி, உன் மருமகன் பண்ற கூத்தப் பாத்தியா?"ன்னு ஒரே அழுகை. என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள ஒரு வீடியோவ அனுப்பி விட்டிருச்சு.

ஒரு நிமிசம் கூட இருக்காது அந்த வீடியோ. ராத்திரி நேரம், போடிமெட்டு ரோடு. மாமா கார எடுத்துக்கிட்டு மாப்ள மேல இருந்து எறங்குறாப்ல. கூட இருக்குறவன் போன்ல புடிக்கிறான். பாட்டு அலறுது. ஒரு கொண்டை ஊசி வளைவுல ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுக்க, வண்டி பின்பக்கம் வீசிக்கிட்டுத் திரும்புது. எல்லாப் பயலும் ஓன்னு கத்துறான். நானும் முதல் தடவ பாக்கும்போது, வெக்கத்த விட்டுச் சொல்றேன், "பரவால்லயே"ன்னு நெனச்சேன்.

ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் அது கண்ணுல பட்டுச்சு. வளைவுக்குக் கீழ, மரத்துக்கு ஊடால ஒரு செகண்டு ரெண்டு மஞ்ச வெளிச்சம் தெரிஞ்சு மறையுது. எதுக்க ஏதோ ஒரு வண்டி ஏறி வந்துக்கிட்டிருக்கு.

போடிமெட்டு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். போடியில இருந்து முந்தல் தாண்டுனா மலை ஆரம்பம். மேல கேரளா எல்லை வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கட்டைச் சுவரு, அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்ல. இது மூணாறு போறவங்க நின்னு போட்டோ புடிக்கிற ரோடு. எங்களுக்கு அது சோத்துக்கு ரோடு. காலையில இருட்டுப் பிரியிறதுக்கு முன்னாடியே ஜீப்பு ஜீப்பா பொம்பளைங்க ஏலக்காட்டுக்குக் கெளம்பிருவாங்க. பூப்பாறைப் பக்கம் இருக்குற தோட்டங்கள்ல காய் எடுக்க. மடியில தூக்குவாளி, தலையில துண்டு, ஒரு ஜீப்புல எத்தன பேரு ஏத்த முடியும்னு நீங்க நெனைக்கிறீங்களோ அதுக்கு மேல நாலு பேரு. சாயங்காலம் திரும்ப அதே மாதிரி எறங்குவாங்க. கம்பத்துக்காரங்க கம்பமெட்டு வழியா, கூடலூர்க்காரங்க குமுளி வழியா. பள்ளத்தாக்கு பூரா இதே கததான்.

என் சித்தப்பா அப்பிடி ஒரு ஜீப்பத்தான் முப்பது வருசத்துக்கு மேல ஓட்டுனாரு. கமாண்டர் ஜீப். இப்ப ஓட்டுறதில்ல, கண்ணு சரியில்ல.

சரி, அக்கா கதைக்கு வர்றேன். "நீ சொன்னாக் கேப்பான்டா, வந்து நாலு சாத்து சாத்து"ன்னு அக்கா சொல்லுச்சு. இருவது வயசுப் பயலப் போயி என்னத்தச் சாத்துறது? திட்டுனா நாளைக்கு வீடியோ எடுக்க மாட்டான், அம்புட்டுத்தான். எடுக்காம ஓட்டுவான். அதுக்கு வீடியோவே தேவலாம், நமக்காவது தெரியும்.

அப்பத்தான் கோயமுத்தூர்ல இருக்குற பழைய காலேஜ் கூட்டாளி ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் ஒரு கார் கிளப்புல இருக்கான். தை மாசம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேய ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்குறோம், யாரு வேணாலும் சொந்தக் கார்ல வந்து ஓட்டலாம், சாயங்காலம் ட்ரிஃப்ட் பழக்கவும் ஆள் இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தான். ரேஸ் இல்ல, பரிசு இல்ல. காசு கட்டி, கையெழுத்துப் போட்டுட்டு, ஹெல்மெட் மாட்டி ஓட்ட வேண்டியதுதான். மாப்ளகிட்டச் சொன்னேன்.

"ட்ராக்கா? போங்க மாமா. நானெல்லாம் போடிமெட்டு எறங்குனவென். ட்ராக்கெல்லாம் ஜுஜுபி."

"அப்ப வந்து காட்டு மாப்ள"ன்னேன்.

ராத்திரி ஒரு மணிக்கு என்னோட பழைய ஸ்விஃப்ட்ல கெளம்புனோம். தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு இருநூறு கிலோமீட்டருக்கு மேல. தூக்கம் வராம இருக்க நான் படிச்சத எல்லாம் அள்ளி விட்டுக்கிட்டே போனேன். தமிழ்நாட்டுல கார் ரேஸ்னா அந்தக் காலத்துல சோழவரம். ரெண்டாம் உலகப் போர்ல போட்ட விமான ஓடுதளம் அது. 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருசா வருசம் அங்கதான் ரேஸ் நடத்துச்சு. அப்புறம் 1990 வாக்குல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தனியா ஒரு ட்ராக்கே வந்துருச்சு. கோயமுத்தூர் ட்ராக்குக்குப் பேரு கொடுத்தவரு கரிவரதன். மாருதி 800 எஞ்சின வச்சே ஒத்த ஆளு உக்காருற ரேஸ் கார் செஞ்சு, நடுத்தரக் குடும்பத்துப் பயலுகளும் ரேஸ் ஓட்டலாம்னு காட்டுன மனுசன். 1995ல விமான விபத்துல போயிட்டாரு. அவரு பேருல செட்டிபாளையத்துல 2.1 கிலோமீட்டர் ட்ராக்.

"மாமா, கொஞ்சம் பாட்டுப் போடுங்க"ன்னான். (அவ்வ்வ்வ். வீட்டுலயும் இதே மரியாததான்.)

காலையில ஏழு மணிக்கெல்லாம் போயிட்டோம். பனி விலகல. நான் என்னமோ பெரிய பெரிய கார் எல்லாம் வந்து நம்மளக் கேவலமாப் பாக்கும்னு பயந்துக்கிட்டே போனேன். ரெண்டு மூணு வெளிநாட்டுக் கார் இருந்துச்சு, மத்தபடி எல்லாம் நம்ம ஸ்விஃப்ட்டு, போலோ, பழைய எஸ்டீம், ஒரு ஆல்ட்டோ கூட. காருக்குள்ள இருந்த எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொன்னாங்க. தண்ணி பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி, டாஷ்போர்டுல ஒட்டியிருந்த புள்ளையாரு வரைக்கும். (அவர மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.) தண்ணி பாட்டில் உருண்டு போயி பிரேக் பெடலுக்கு அடியில மாட்டுனா கத முடிஞ்சது, அதுக்குத்தானாம். பதினஞ்சு வருசமா கார் ஓட்டுறேன், இது எனக்குத் தோணுனதே இல்ல.

அப்புறம் ஒரு மெக்கானிக் வந்து டயர், பேட்டரி, வீல் நட்டு எல்லாம் பாத்தாரு. "பிரேக் ஆயில் எப்பங்க மாத்துனீங்க?"ன்னு கேட்டாரு. "போன வருசம்"னு சொன்னேன். பொய். கார் வாங்குனதுல இருந்து மாத்துனதே இல்ல. அவரு என் முகத்தப் பாத்தாரு. "ரெண்டு ரவுண்டு வேகமாப் போனீங்கன்னா ஒரு ரவுண்டு மெதுவாப் போங்க, பிரேக் ஆறட்டும்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எட்டரைக்கு வகுப்பு. மஞ்சக் கொடின்னா முன்னாடி ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புன்னா எல்லாரும் மெதுவாத் திரும்பி வரணும். நேர் ரோட்டுல மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னாடி போறவன் கை காட்டுனாத்தான். டைம் எடுக்க மாட்டோம்னு சொன்னதும் மாப்ள முகம் தொங்கிருச்சு. டைம் எடுத்தா எல்லாரும் ரேஸ் டிரைவர் ஆயிருவாங்களாம்.

எங்களுக்குக் கெடச்ச கோச் ஐம்பது வயசு இருக்கும். கொங்குத் தமிழ். "ஏனுங்க தம்பி, மலையில ஓட்டறவரா? வாங்க, பாக்கலாம்"னு மாப்ள பக்கத்துல ஏறி உக்காந்தாரு. நான் பின்சீட்டுல.

மூணாவது வளைவுல பல்பு. மாப்ள வேகமா உள்ள போயி, அங்க போயி பிரேக்கப் போட்டு, ஸ்டியரிங்க ஒடிச்சாப்ல. வண்டி திரும்பாம நேராப் போச்சு. இன்னும் ஒடிச்சாப்ல. இன்னும் நேராப் போச்சு. கோச் பதட்டமே இல்லாம, "ஸ்டியரிங்க விடுங்க கொஞ்சம்.. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க.. இப்பத் திருப்புங்க"ன்னாரு. திரும்பிருச்சு.

அப்பறம் வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு அவரு சொன்னதுதான் இந்தப் பதிவோட தலைப்பு.

"தம்பி, ஒவ்வொரு டயருகிட்டயும் நூறு ரூபாதான் இருக்குதுங்க. பிரேக்குக்கும் அதுலதான் குடுக்கோணும், திருப்பறதுக்கும் அதுலதான் குடுக்கோணும், வேகம் எடுக்கறதுக்கும் அதேதான். நீங்க நூறையும் பிரேக்குல போட்டுட்டு, அப்பறம் திருப்புன்னா டயரு எங்க போகும் காசுக்கு? நேராத்தானுங்க போகும். அதனால மொதல்ல நேரா இருக்கும்போதே பிரேக்க முடிச்சுக்கங்க. அப்பறம் பிரேக்க விட்டுக்கிட்டே திருப்புங்க. வளைவு விரியறப்ப ஆக்ஸிலேட்டரக் குடுங்க. ஈரமுன்னா நூறு இருக்காதுங்க. ஈரத்துல மொட்டை டயருன்னா அதுலயும் கொறையும்."

எனக்கு டக்குன்னு 2005 ஞாபகம் வந்துச்சு. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீமுக்கு ஃபார்முலா ஒன் ஓட்டுன வருசம். இண்டியானாபோலிஸ்ல நடந்த அமெரிக்க ரேஸ்ல மிச்செலின் டயர் போட்ட 14 காரும், அந்தச் சாய்வு வளைவ டயரு தாங்காதுன்னு, ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒதுங்கிருச்சு. மிச்சம் ஆறே கார். நரேன் நாலாவதா வந்தாரு. அப்ப நாங்க அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். இப்ப யோசிச்சா, உலகத்துலயே கெட்டிக்கார டிரைவருங்க, கோடிக்கணக்கான ரூபா, டிவியில ஊரே பாக்குது, ஆனாலும் டயர் மேல நம்பிக்கை இல்லன்னா வண்டிய எடுக்க மாட்டேன்னு போயிட்டாங்க. நாம மொட்டை டயரப் போட்டுக்கிட்டு கம்பமெட்டு ஏறுறோம்.

இன்னொண்ணும் சொன்னாரு. 40ல போறத விட 80ல போனா வேகம் ரெண்டு மடங்கு, ஆனா பிரேக் போட்டு நிக்கிற தூரம் நாலு மடங்கு. 80ல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். "அங்க ஒருத்தர் வர்றாருன்னு உங்க மண்டைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒரு செகண்டு ஆயிடுமுங்க." மாப்ள ஒண்ணும் பேசல. நகத்தக் கடிச்சாப்ல.

நானும் ஓட்டுனேன். என் லட்சணத்தப் பத்திச் சொன்னா மானம் போயிரும். "நீங்க ரோட்டப் பாக்கறதில்லீங்க சார், பானட்டப் பாக்கறீங்க. எங்க போகோணுமோ அங்க பாருங்க, கை தானா வரும்"னாரு. நெஜமாத்தாங்க, வளைவு முடியிற எடத்தப் பாத்தா கை தானா அங்க கொண்டு போயிருது. அஞ்சாறு ரவுண்டுக்கு அப்புறம் ஒரே ஒரு வளைவு, ஒண்ணே ஒண்ணு, சரியா அமைஞ்சுச்சு பாருங்க. வண்டி கத்தல, சாயல, வெண்ணெயில கத்தி போன மாதிரி போச்சு. இறங்கி வரும்போது முழங்காலு ரெண்டும் நடுங்குது, வாயெல்லாம் பல்லு.

மூணாவது தடவ மாப்ள ஓட்டுனப்ப கோச் இறங்கிக்கிட்டாரு. நான் பக்கத்துல. நல்லாவே ஓட்டுனாப்ல, பொய் சொல்லக் கூடாது. வேகம் ஏற ஏற எனக்கும் குஷி. ரெண்டு ரவுண்டுக்கு ஒண்ணு ஆற விடணும்கிறது ரெண்டு பேருக்குமே மறந்து போச்சு. அஞ்சாவது ரவுண்டு, நேர் ரோட்டுல நூத்திப் பத்து. ஒரு செகண்டுக்கு முப்பது மீட்டர். பிரேக் போட வேண்டிய எடம் வந்துச்சு. மாப்ள மிதிச்சாப்ல. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு.

"மாமா!"

அம்புட்டுத்தான் சத்தம். ரெண்டாந்தடவ மிதிச்சு, கியரக் கொறைச்சு, வளைவத் தாண்டி நேரா மண்ணுக்குள்ள போயி, கடகடன்னு குலுங்கி, ஒரு பெரிய செம்மண் மேகத்துக்கு நடுவுல நின்னோம். எஞ்சின் நின்னு போச்சு. தூரத்துல மார்ஷல் மஞ்சக் கொடிய ஆட்டுறது மங்கலாத் தெரிஞ்சுச்சு. வண்டிக்கும் ஒண்ணும் ஆகல, எங்களுக்கும் ஒண்ணும் ஆகல. பம்பர்ல புல்லு.

சிரிப்பான்னு நெனச்சேன். ஸ்டியரிங்க விடாமப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாச் சொன்னான்.

"மாமா.. இங்க மண்ணு இருந்துச்சு."

எனக்குப் புரிஞ்சுச்சு. அவன் நெனச்ச எடத்துல மண்ணு கிடையாது. கட்டைச் சுவருதான்.

மெக்கானிக் திட்டல, அதுதான் இன்னும் கேவலமா இருந்துச்சு. வெளக்குனாரு. பிரேக் ஆயிலு காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். புது ஆயிலு, டாட் 3ன்னு சொல்றது, 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் இழுத்துச்சுன்னா 140லயே கொதிச்சிரும். கொதிச்சா உள்ள ஆவி. ஆவிய அமுக்குனா அது அமுங்கும், பிரேக் புடிக்காது. "ட்ராக்குல மட்டுமில்லீங்க, மலையில பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனாலும் இதேதான்"னாரு. சூட்டுல ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கியர்ல விடுங்கன்னு சொல்லி, ஆறுனதும் ஆயில மாத்திக் குடுத்தாரு. சில நூறு ரூபா. சில நூறு ரூபா சமாச்சாரத்துக்குப் பொய் சொல்லி, அக்கா மகனப் பக்கத்துல வச்சுக்கிட்டு.. சரி விடுங்க.

சித்தப்பா அப்பவே சொல்லுவாரு, "ஏறுன கியர்ல எறங்கு"ன்னு. அவருக்கு டாட் 3யும் தெரியாது, 140ம் தெரியாது.

சாயங்காலம் ட்ரிஃப்ட். ஓரமா இருந்த ஒரு காலி எடத்துல தண்ணிய ஊத்தி நனைச்சு வச்சிருந்தாங்க. கிளப்போட பழைய 118 என்.இ. ஒண்ணு. பின்சக்கரம் தள்ளுற வண்டி. நடுவுல ஒரு சிவப்புக் கூம்பு, அதச் சுத்தி வட்டம் போடணும். முதல் கியர், ஸ்டியரிங்கத் திருப்பி, ஆக்ஸிலேட்டர ஒரே மிதி. பின்பக்கம் வீசும். அப்ப வீசுற பக்கமே ஸ்டியரிங்கத் திருப்பி, காலால வேகத்த அளந்து அளந்து குடுத்து, வழுக்கிக்கிட்டே சுத்தணும். பாக்க சின்னப் புள்ள ராட்டினம் மாதிரி இருக்கும். செய்யப் போனா.. நாலு தடவ போனேன், நாலு தடவயும் வண்டி பம்பரமாச் சுத்தி, வந்த பக்கமே திரும்பி நின்னுச்சு.

மாப்ளைக்கு ஒரு கேள்வி ரொம்ப நேரமா உறுத்திக்கிட்டு இருந்திருக்கு. "மாமா, ட்ரிஃப்ட் கிங்கே மலை ரோட்டுலதான பழகுனாரு?"ன்னான். ஜப்பான்காரர் கெய்ச்சி சுச்சியாவச் சொல்றான். உண்மைதான். 1970கள்ல குனிமிட்சு தகாஹாஷின்னு ஒரு ரேஸ்காரர் ட்ராக்குல வண்டிய வழுக்க விட்டு வளைவ எடுக்குறதப் பாத்துட்டு, சுச்சியா அத மலை ரோட்டுல போட்டுப் பழகுனவருதான். "சரி மாப்ள, அதே ஆளு அப்புறம் எங்க போனாரு? 1999ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல டொயோட்டா டீம்ல ரெண்டாவதா வந்தாரு. ட்ரிஃப்டுக்குன்னே ட்ராக்குல போட்டி வர்றதுக்கும் அவருதான் முன்னாடி நின்னாரு. மலைய விட்டு எறங்கி வந்ததாலதான்டா உனக்கு அவரு பேரு தெரியுது"ன்னேன். (எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. என்னைக்காவது ஒரு நாள் வாயில சரியா வரும்.)

அஞ்சாவது தடவ ஏறுனப்ப சித்தப்பா குரல் கேட்டுச்சு. மழைக் காலத்துல ஏலக்காட்டு மண் ரோட்டுல ஜீப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகும்போது அவரு என்ன செய்வாருன்னு சின்ன வயசுல பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். "பின்னால எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டே முன்னாலயும் திருப்பு. பிரேக்க மறந்துரு. பயந்து கால எடுத்துராத." அதேதான் செஞ்சேன். பாதி வட்டம் வழுக்கிக்கிட்டே போனேன், சாமி சத்தியமா. கோச் கையத் தட்டுனாரு. முப்பது வருசமா எங்க ஊரு ஜீப் டிரைவருங்க கூலிக்குச் செஞ்சுக்கிட்டு இருக்குறத, நான் காசு கட்டி, தண்ணி ஊத்தி, அஞ்சாந்தடவையில பாதி வட்டம் செஞ்சேன்.

திரும்பி வர்றப்ப ஒட்டன்சத்திரத்துல டீக்கடை. காய்கறி லாரிங்க வரிசையா நிக்குது. அங்க வச்சுத்தான் மாப்ளகிட்ட ஒரு விசயத்தச் சொன்னேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2001. எனக்கு இருவத்தொண்ணு வயசு. பூப்பாறையில ஒரு கூட்டாளி வீட்டுக் கல்யாணம், ராத்திரி பூரா முழிச்சிட்டு விடிகாலையில இரவல் ஆம்னியில மூணு பேரு எறங்குறோம். நான்தான் ஓட்டுறேன். வளைவுகள அகலமா எடுக்காம உள்ள வெட்டி வெட்டி எடுக்குறது அப்ப ஒரு கெத்து. ஒரு வளைவுல வெட்டித் திரும்புறேன், எதுக்க ஜீப். ரெண்டு வண்டியும் கிறீச்சுன்னு நின்னுச்சு. ஊடால ஒரு சாண் இருக்கும். ஜீப்போட பின்சக்கரம் கட்டைச் சுவர ஒட்டி.

இறங்குனது சித்தப்பா. கைய ஓங்குவாருன்னு நெனச்சேன். ஒண்ணும் பேசல. என் கையில இருந்து சாவிய வாங்குனாரு. அப்பத்தான் ஜீப்புக்குள்ள பாத்தேன். அந்த வருசம் அப்பாவுக்கு உடம்பு முடியாம, அம்மா காய் எடுக்கப் போய்க்கிட்டிருந்துச்சு. மத்த பொம்பளைங்க எல்லாம் என்னைய வைய்யிறாங்க. அம்மா மட்டும் என்னையப் பாக்கவே இல்ல. மடியில இருந்த தூக்குவாளி மூடிய இறுக்கி இறுக்கி மூடிக்கிட்டே இருந்துச்சு.

சித்தப்பா ஆம்னிய அங்கயே ஓரங்கட்டிட்டு, எங்க மூணு பேரையும் கீழ எறங்குற பால் வண்டியில ஏத்தி விட்டாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாவியக் குடுத்தாரு. அன்னைக்கும் சரி, அப்புறமும் சரி, அம்மாவும் அவரும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசல.

மாப்ள டீ கிளாச வச்சுட்டுக் கேட்டான். "அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதுடா. அம்மாச்சி சொல்லவே இல்ல."

அம்மா போயி ஆறு வருசம் ஆச்சு. (இதப் படிச்சா அக்காவுக்கும் தெரிஞ்சிரும். அக்கா, மன்னிச்சிரு.)

"அந்த வீடியோவுல கீழ வெளிச்சம் தெரியுது, பாத்தியா?"ன்னு கேட்டேன். போன எடுத்து, சத்தத்தக் கொறைச்சு வச்சு, திரும்பத் திரும்பப் பாத்தான். பழனி மலை வெளிச்சமெல்லாம் பின்னாடி போயி ரொம்ப நேரமாச்சு. வத்தலக்குண்டு தாண்டுற வரைக்கும் பேசல.

மறுநாள் ரெண்டு பேரும் சித்தப்பாவப் பாக்கப் போனோம். திண்ணையில உக்காந்திருந்தாரு. மாப்ள ட்ராக்குக் கதைய எல்லாம் கையக் கால ஆட்டிச் சொன்னான். பேராண்டி சொல்லச் சொல்லச் சித்தப்பா தலையாட்டிக்கிட்டே கேட்டாரு. மண்ணுக்குள்ள போனதச் சொன்னப்ப மட்டும் என்னைய ஒரு பார்வ பாத்தாரு. கடைசியா மாப்ள அந்த நூறு ரூபா கணக்கச் சொன்னான். "ட்ராக்குல நூறையும் செலவழிக்கலாம் தாத்தா, அதான் ஜாலி. நீங்க மலையில எவ்வளவு செலவழிப்பீங்க?"

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. வேட்டி மடிப்புல கைய வச்சுக்கிட்டுச் சொன்னாரு.

"நான் அம்பது ரூபாயத் தொடவே மாட்டேம்ப்பா. அது என் காசு இல்ல. எதுக்க வர்றவென் காசு."

அம்புட்டுத்தான். இதுக்கு மேல நான் எழுத ஒண்ணுமில்ல.

மாப்ள திருந்திட்டானான்னு கேப்பீங்க. இப்பவும் வேகமாத்தான் ஓட்டுறான், வயசு அப்பிடி. ஆனா அவங்க அப்பா கார்ல பிரேக் ஆயில் மாத்தியிருக்கான், என் காசுல. போன வாரம் பூப்பாறைக்கு ஒரு கணக்கு விசயமாப் போயிட்டு வர்றப்ப அவன்தான் ஓட்டுனான். ரெண்டாவது கியர்லயே எறங்குறான், ஒவ்வொரு வளைவுக்கும் ஆரன் அடிக்கிறான். ஒரு வளைவுல கீழ இருந்து ஜீப் ஏறி வந்துச்சு. மாப்ள முன்னாடியே ஒதுங்கி நின்னுட்டான். ஜீப் எங்களத் தாண்டுறப்ப உள்ள இருந்து ஒரு அம்மா கையத் தூக்குச்சு. நன்றியா, வேற யாருன்னு நெனச்சுச்சான்னு தெரியல. மாப்ளையும் கையத் தூக்குனான்.

டிஸ்கி: அடுத்த தடவ ட்ராக்குக்கு எப்ப போறோம்னு தெனமும் கேக்குறான். கேக்கட்டும். இந்தச் செலவுக்கு நான் அழ மாட்டேன்.